சாவைப் பத்திப் பேசுற கரீபியக் கவிதைகளை எப்படிப் படிக்கணும்?

வணக்கம் நண்பர்களே. இன்னைக்கு கரீபியக் கவிதை. இதைப் பாடமா படிக்கிறவங்க நிறைய பேர் எதிர்ப்பு, அடையாளம், மரணம்னு மூணு தலைப்பு போட்டுத் தனித்தனியா எழுதுறாங்க. அப்படிப் பிரிச்சா கவிதை கையை விட்டுப் போயிடும். இந்தக் கவிதைகள்ல சாவு கிட்ட வர்ற இடத்துலதான் எதிர்ப்பு வாய் திறக்குது. ‘நாம யாரு’ங்கிறதும் அங்கதான் முடிவாகுது.

கிளாட் மெக்கேயை எடுத்துக்குவோம். 1889ல ஜமைக்காவுல பிறந்தவர். 1912ல ஜமைக்காப் பேச்சுமொழியிலேயே கவிதைத் தொகுப்பு போட்டவர், அதே வருஷம் அமெரிக்கா போனார். 1919ல அங்க பல நகரங்கள்ல வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களைத் தாக்கிக் கொன்னுச்சு. மெக்கே அப்போ ரயில் உணவுப் பெட்டியில பரிமாறுற வேலையில இருந்தார். அந்த ஜூலையில ‘தி லிபரேட்டர்’ இதழ்ல வந்ததுதான் ‘இஃப் வீ மஸ்ட் டை’ (சாகத்தான் வேணும்னா).

14 வரி, ஷேக்ஸ்பியர் பாணி சானட், அதாவது வரி, எதுகைக்கெல்லாம் கறாரான கட்டுப்பாடு இருக்கிற ஆங்கிலக் கவிதை வடிவம். ஒரு பென்சில் எடுத்து அதுல வர்ற மிருகங்களை வட்டம் போடுங்க. முதல்ல ‘நாம’ வேட்டையாடி அடைச்ச பன்னிங்க மாதிரி சாகக் கூடாதுங்கிறார். சுத்தி நின்னு குரைக்கிறது வெறிபிடிச்ச, பசிச்ச நாய்ங்க. கடைசி ரெண்டு வரிக்கு வந்தா ‘நாம’ மனுஷங்களா நிக்கிறோம், எதிரி மட்டும் இன்னும் கோழை நாய்க்கூட்டமாவே இருக்கான். சுவரோட ஒட்ட நெருக்கிட்டாங்க, உயிர் போய்க்கிட்டிருக்கு, ஆனா கை திருப்பி அடிக்குது. செத்து விழறதுக்கு முன்னாடியே கவிதை நின்னுடுது.

இங்க வழக்கமா நடக்கிற தப்பு, இனத்தோட பேரைத் தேடுறது. நிறமோ நாடோ இதுல எங்கயுமே வராது. ஒன்பதாவது வரியில சொந்தக்காரங்களேன்னு கூப்பிடுறார் பாருங்க, அடையாளம் அந்தக் கூப்பிடுறதுல இருக்கு.

சரி, எதுக்கு இங்கிலீஷ்காரங்க வடிவம்? பார்படோஸ் கவிஞர் காமாவ் பிராத்வெயிட் 1984ல வந்த ‘ஹிஸ்டரி ஆஃப் தி வாய்ஸ்’ங்கிற புத்தகத்துல இதைத்தான் குடையுறார். பள்ளிக்கூடத்துல ஆங்கிலக் கவிதையே படிச்சு வளர்ந்த பிள்ளை, கரும்புத் தோட்டத்து மேல பனி பெய்யுதுன்னு எழுதுது. புயலை எழுத அந்தப் பிள்ளைகிட்ட தாளம் இல்ல. பிராத்வெயிட் சொல்றது சரின்னுதான் எனக்குப் படுது. ஆனா மெக்கேயோட சானட்ல அந்த இறுக்கமே கோபத்துக்கு உதவுது, அதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்ப கயானா, அப்போ பிரிட்டனோட காலனி. அந்த ஊர்க் கவிஞர் மார்ட்டின் கார்ட்டரைப் படிக்கும்போது பக்கத்து ஓரத்துல ‘அக்டோபர் 1953’னு எழுதி வெச்சுக்கோங்க. அந்த ஏப்ரல்லதான் வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டுரிமையோட முதல் தேர்தல். மக்கள் முற்போக்குக் கட்சி 24ல 18 இடம் ஜெயிச்சுது. ஆட்சிக்கு வந்து 133 நாள்ல, அக்டோபர்ல, பிரிட்டன் படையை இறக்கி, அரசியல் சட்டத்தையே நிறுத்தி வெச்சுது. அந்தக் கட்சிக்காரரான கார்ட்டரைப் பிடிச்சுக் காவல்ல போட்டாங்க. அவரோட எதிர்ப்புக் கவிதைகள் 1954ல லண்டன்ல புத்தகமா வந்துச்சு.

அதுல ‘திஸ் இஸ் தி டார்க் டைம், மை லவ்’ (இது இருண்ட காலம், அன்பே) 12 வரிதான். தேதி தெரியாம படிச்சா காதல் கவிதை, இல்லன்னா இயற்கை வர்ணனைன்னு தோணும். தரையெல்லாம் பழுப்பு வண்டு ஊருது, சிவப்புப் பூ தலை குனியுது. தேதி தெரிஞ்சா அந்த வண்டு பிரிட்டன் படையோட காக்கி உடுப்பாத் தெரியும். கடைசிப் பத்தியில சாவு ஒரு ஆளா நடந்து வருது, எஃகு பூட்ஸ் போட்டு, புல்லை மிதிச்சுக்கிட்டு. விதியில்ல, வயசில்ல, வெளியூர்ல இருந்து வந்த படையாள். தூங்குற காதலியோட கனவைத்தான் அவன் குறி பார்க்குறான், நெஞ்சை இல்ல. 133 நாள்ல பறிபோனது என்னன்னு யோசிச்சா, ஏன் கனவுன்னு புரியும்.

அடுத்து அவரோட ‘டெத் ஆஃப் எ காம்ரேட்’ (ஒரு தோழரோட சாவு) படிங்க. நாம சாகுறோம்னு நினைச்சுக்கிட்டிருக்கிற நிலையில சாவு நம்மளைப் பார்த்துடக் கூடாதுன்னு ஆரம்பிக்குது. அதே வரி கடைசியில திரும்ப வரும்போது ‘பார்த்துடக் கூடாது’ போய் ‘பார்க்காது’ன்னு உறுதியா நிக்குது. நடுவுல என்ன நடந்துச்சுன்னு பாருங்க: இழவுல நிக்கிற அணி நகர ஆரம்பிச்சிடுச்சு, பேசுறவர் செத்த தோழருக்கு சல்யூட் வெச்சிட்டார்.

அடுத்த வீடியோவுல லூயிஸ் பென்னட். ஜமைக்காப் பேச்சுமொழி, வாய்விட்டுப் படிச்சாத்தான் பிடிபடும்.