ஆப்ஷனல் எஸ்ஸே: எழுதணுமா, விட்டுடலாமா?

வணக்கம். எம்பிஏ அப்ளிகேஷன்ல, விருப்பம் இருந்தா மட்டும் எழுதுற கட்டுரைதான் ஆப்ஷனல் எஸ்ஸே. அப்ளிகேஷன் போடுறவங்க நிறைய பேர் கேக்கிற கேள்வி இது. "ஆப்ஷனல் எஸ்ஸேயைக் காலியா விட்டா, நமக்கு ஆர்வம் இல்லைன்னு நினைச்சுருவாங்களா?"

நினைக்க மாட்டாங்க. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா இந்த பயத்துலதான் பலர் தேவையே இல்லாம எழுதுறாங்க.

ஆனா கேள்வியை நல்லா படிங்க. ஸ்டான்ஃபோர்டுல சமீப வருஷங்கள்ல ஆப்ஷனல்னு ஒரு பகுதி இருந்துச்சு. நீங்க ஏற்படுத்தின நல்ல மாற்றத்துக்கு மூணு உதாரணம் வரைக்கும் சொல்லலாம், ஒவ்வொண்ணும் 1,200 எழுத்துக்குள்ள. அது உங்களைக் காட்டிக்கக் கிடைச்ச இடம். சொல்ல விஷயம் இருந்தா கண்டிப்பா எழுதுங்க. வார்ட்டன் (இதுவும் அமெரிக்க பிசினஸ் ஸ்கூல்தான்) மாதிரி இடங்கள்ல கேக்கிறது வேற: வேலையில இடைவெளி, மார்க் குறைஞ்சது, ரெகமண்டேஷன் (சிபாரிசு கடிதம்) யார்கிட்ட வாங்கினீங்க, இந்த மாதிரி விளக்கம். அங்க 500 வார்த்தை வரைக்கும் இடம் குடுத்தாங்க. அதுக்காக 500-ஐயும் நிரப்பணும்னு இல்ல.

இந்த ரெண்டாவது வகைக்கு நான் சொல்ற வழி: உங்க ரெஸ்யூமே, மார்க் ஷீட், ரெண்டையும் உங்க கதை தெரியாத ஒருத்தர்கிட்ட குடுங்க. "இங்க என்ன ஆச்சு?"ன்னு அவர் எந்த இடத்துல கேக்கிறாரோ, அதை எழுதுங்க. எங்கயுமே கேக்கலைன்னா விட்டுடுங்க.

பலர் கவனிக்காம விடுறது ரெகமண்டேஷன் விஷயம். இப்போ இருக்கிற மேனேஜர்கிட்ட வாங்கலைன்னா, படிக்கிறவங்க "அவரோட ஏதாவது பிரச்சனையா?"ன்னு யோசிக்கத்தான் செய்வாங்க. அதனால இப்படி எழுதிடுங்க: "நான் அப்ளை பண்றது ஆபீஸ்ல இன்னும் தெரியாது, அதனால முந்தின மேனேஜர்கிட்ட வாங்கினேன்." முடிஞ்சுது. ரெண்டு வரி போதும்.

மார்க் குறைஞ்சதுன்னா காரணம் மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க. வீட்டுல உடம்பு சரியில்ல, அந்த செமஸ்டர் சரிஞ்சுது, சரி. அதுக்கப்புறம்? அடுத்த செமஸ்டர் மார்க், பின்னாடி முடிச்ச ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கோர்ஸ், ஜிமேட்ல (எம்பிஏவுக்கான நுழைவுத் தேர்வு) குவாண்ட், அதாவது கணக்குப் பகுதி ஸ்கோர், இதுல எது உங்ககிட்ட இருக்கோ அதைக் காட்டுங்க. ஆனா ஜிமேட் ஸ்கோர் கொஞ்சம் கம்மிங்கிறதுக்கு மட்டும் தனியா ஒரு எஸ்ஸே வேண்டாம். நம்பர் அவங்க கண்ணு முன்னாடியே இருக்கு. "எனக்கு எக்ஸாம் டென்ஷன்"னு எழுதினா அது மாறாது.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு வேற காலேஜுக்கு எழுதினதை இங்க ஒட்டாதீங்க. படிக்கிறவங்க கண்டுபிடிச்சுருவாங்க. அவங்க முன்னாடி எத்தனையோ அப்ளிகேஷன் இருக்கு. எதைச் சொல்றோம், எதை விடுறோம்ங்கிறதுலயும் உங்களை எடை போடுறாங்க.

வேலை போனவங்க இதைப் பாத்துட்டு இருந்தா, உங்களுக்குத் தனியா சொல்றேன். லேஆஃப்னா லேஆஃப்னே எழுதுங்க, சுத்தி வளைக்காதீங்க. கம்பெனியைக் குறை சொல்லாதீங்க. அந்த மாசங்கள்ல என்ன பண்ணீங்கங்கிறது அடுத்த வரியிலயே வந்துடணும்.