இசைக்கா, ஆசைக்கா?

நடுவர் அவர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், எதிரே ஏற்கெனவே ஜெயித்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

"விலை உயர்ந்த பேஸ் கிட்டாருக்குக் கொடுக்கும் பணம் இசைக்கா, ஆசைக்கா?" இதுதான் தலைப்பு. பாட்டுக்கு அடியில் தாழ்ந்த ஸ்வரங்களில் முழங்குமே, அந்தக் கிட்டார்தான் பேஸ். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் "இசைக்கே" என்று முழங்கினார். முழங்கியதோடு விடாமல், தன்னுடைய கிட்டாரையே சாட்சியாக மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அவர் பெட்டியைத் திறந்ததும் அரங்கமே "ஆஹா" என்றதே, நடுவர் அவர்களே, நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த "ஆஹா" வந்தபோது அவர் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை.

அவர் சொன்னது மூன்று. மேதைகள் எல்லோரும் உயர்ந்த கருவியைத்தான் கையில் எடுத்தார்கள். விலைக்கேற்ற மரமும் வேலைப்பாடும்தான் அந்த டோனை, அதாவது ஒலியின் குணத்தை, தருகின்றன. நல்ல கருவி கையில் இருந்தால் வாசிக்கும் ஆர்வம் தானாக வரும். முதல் இரண்டையும் மறுக்கப்போகிறேன். மூன்றாவது கொஞ்சம் கஷ்டம், அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

மேதைகள் என்று சொல்லி முதலில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயரைச் சொன்னார். சரியான பெயர். 1960களில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோட்டவுன் என்ற இசை நிறுவனத்தின் ஸ்டூடியோவில் பதிவான பாட்டுகளில் அடியில் ஓடும் அந்த பேஸை இன்றுவரை எல்லோரும் உட்கார்ந்து காப்பியடித்துக் கற்றுக்கொள்கிறோம். அவர் கையில் இருந்தது ஃபெண்டர் நிறுவனத்தின் 1962ஆம் ஆண்டு பிரசிஷன் பேஸ். தொழிற்சாலையிலிருந்து வரிசையில் இறங்கிய கருவி. அவருக்கென்று தனியாக யாரும் மரம் பார்த்துச் செதுக்கவில்லை. மேற்சுற்று தட்டையாக, வழவழப்பாக இருக்கும் தடித்த ஃபிளாட்வவுண்ட் கம்பி போட்டிருந்தார், அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டை விட்டுக் கம்பி எக்கச்சக்க உயரத்தில் நின்றது. இன்றைக்கு ஒரு கடைக்காரர் நமக்கு அப்படிக் கொடுத்தால் திருப்பிக்கொண்டுபோய்ச் சண்டை போடுவோம். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் வாசித்தது. பல பதிவுகளில் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்கூடக் கிடையாது, கேபிள் நேராக மிக்ஸிங் மேசைக்குப் போனது. இதில் எந்த இடத்தில் பணம் வாசித்தது என்று எதிரணியில் யாராவது காட்டட்டும்.

அடுத்து பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி. 1961இல் ஹாம்பர்க்கில், சுமார் 30 பவுண்டுக்கு, வயலின் வடிவத்தில் இருந்த ஹோஃப்னர் 500/1 என்ற பேஸை வாங்கினார். அப்போது ஃபெண்டர் கிட்டத்தட்ட 100 பவுண்டு, கட்டுப்படியாகவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அவர் இடக்கைக்காரர். அந்தக் கருவி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் பார்க்க அசிங்கமாக இருக்காது. விலை, பிறகு அழகு. இந்தக் கதையில் டோன் என்ற சொல்லை நானும் தேடித் தேடிப் பார்த்தேன், வரவே இல்லை. 1972இல் அந்தக் கருவி திருட்டுப் போய், ஐம்பது வருஷம் கழித்து அவரிடமே திரும்பி வந்தது. 2024இல் அந்தச் செய்தி வந்தபோது உலகமே கொண்டாடியது. இன்று அதை ஏலத்துக்கு விட்டால் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். 30 பவுண்டு கிட்டார்!

ஜாஸ் இசையின் பேஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸ் கதை இன்னும் வேடிக்கை. 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்றில் ஃபிரெட்டுகளையெல்லாம் பிடுங்கி, பள்ளங்களில் மரத்தூள் மாவு மாதிரி ஒரு பூச்சை அடைத்து, மேலே படகுகளுக்கு அடிக்கும் எபாக்சி என்ற பிசினைப் பூசினார். அவர் போட்ட சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் கம்பி விரல்பலகையை அரித்துவிடும் என்பதற்காகத்தான் அந்தப் பூச்சு. 1976இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்துக்குப் பிறகு, ஃபிரெட் இல்லாத பேஸ் என்றால் இப்படித்தான் பாடும் என்று உலகத்துக்கே புரிந்தது. எதிரணித் தலைவரைக் கேட்கிறேன், ஐயா, உங்கள் கிட்டாரைக் கொடுங்கள், ஒரு டப்பா படகு எபாக்சி கொண்டுவருகிறேன்... பாருங்கள் நடுவர் அவர்களே, பெட்டியை மூடிவிட்டார்!

நான் சொல்ல வந்தது இதுதான். இவர்கள் வாங்கும்போது அவை கடையில் தொங்கிய கருவிகள். இவர்கள் வாசித்த பிறகுதான் அவற்றுக்கு விலை ஏறியது. பாட்டு முன்னால் போயிற்று, விலை பின்னால் ஓடி வந்தது. நாம் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு, பாட்டு இதற்குள்தான் இருக்கிறது என்று நினைத்துப் பணம் கட்டுகிறோம்.

ஃபெண்டர் நிறுவனம் 1982இல் ஜப்பானில் ஸ்குவையர் என்ற பெயரில் குறைந்த விலைக் கருவிகளைச் செய்யத் தொடங்கியது. வசதி இல்லாத பிள்ளைகள் வாங்கியது. அந்த முதல் வரிசைக் கருவிகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். மரம் நாற்பது வருஷத்தில் மேதையாகிவிட்டதா? இன்னொன்று கேளுங்கள். 1990களின் நடுவிலிருந்து, புதுக் கிட்டாரை வேண்டுமென்றே சுரண்டி, பெயின்ட் உரித்து, துரு ஏற்றி, அதற்குக் கூடுதல் விலை வைத்து விற்கிறார்கள். என்னிடம் ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள், இலவசமாகவே அந்த வேலையை முடித்துத் தருகிறேன்.

சரி, மரத்துக்கு வருவோம். எலக்ட்ரிக் பேஸில் நடப்பது என்ன? காந்தத்தின் மேல் இரும்புக் கம்பி அதிர்கிறது. காந்தத்தைச் சுற்றியிருக்கும் செம்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. காந்தமும் சுருளும் சேர்ந்த இந்தப் பிக்கப்புக்குத் தெரிந்ததெல்லாம் கம்பியின் அசைவு. மரம் அந்த அசைவில் கொஞ்சம் கை வைக்கும், அதை நான் மறுக்கவில்லை. கருவியின் கழுத்தான நெக் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதைப் பொறுத்து சில ஸ்வரங்கள் நீண்டு நிற்கும், சில சட்டென்று செத்துப்போகும். பேஸ் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், ஜி கம்பியில் ஐந்தாவது ஃபிரெட்டிலிருந்து ஏழாவது வரைக்கும் எங்கேயாவது ஒரு 'டெட் ஸ்பாட்' காத்திருக்கும். அது விலைச்சீட்டைப் பார்த்து வருவதில்லை. உச்சிவிலைக் கருவியிலும் வரும். தலைப்பகுதியில் ஒரு சின்ன எடையை மாட்டினால் அது கொஞ்சம் நகர்ந்துபோகும், அவ்வளவுதான் வைத்தியம்.

1951இல் பிரசிஷன் பேஸைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்காரர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. நெக்கைப் பசை போட்டு ஒட்டாமல் ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். சீக்கிரம் செய்யலாம், கெட்டால் கழற்றி மாற்றலாம். ஃபிரெட் இருப்பதால் ஸ்வரம் துல்லியமாக விழும் என்று பிரசிஷன் என்று பெயர் வைத்தார். அந்தப் பழுதுபார்ப்பவர் புத்தியில் பிறந்த கருவியைத்தான் இன்று சிற்பம் மாதிரி கும்பிடுகிறோம்.

கேட்கும் காது என்ன சொல்கிறது? இதற்கு வயலின்காரர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில், ஒரு ஹோட்டல் அறையில், 21 வயலின் கலைஞர்களிடம் ஆறு வயலின்களைக் கொடுத்தார்கள். மூன்று புதியவை. மற்ற மூன்றும் பழம்பெருமை கொண்ட இத்தாலிய வயலின்கள்: இரண்டு ஸ்ட்ராடிவேரியஸ், ஒரு குவார்னேரி. பழையவற்றின் மதிப்பு புதியவற்றைப் போல சுமார் நூறு மடங்கு. கண் தெரியாமல் இருக்க வெல்டிங் கண்ணாடி மாட்டினார்கள். பழைய மரத்தின் வாசனையை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தாடை வைக்கும் இடத்தில் சென்ட் வேறு தடவினார்கள்! வீட்டுக்கு எதைக் கொண்டுபோவீர்கள் என்று கேட்டபோது 13 பேர் புதியதைக் கேட்டார்கள். மொத்தத்தில் எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பிடித்துப்போனது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ். அப்புறம் பாரிஸிலும் நியூயார்க்கிலும் அரங்கில் ஆட்களை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார்கள். 2017இல் வந்த முடிவிலும் கேட்டவர்கள் புதியதைத்தான் விரும்பினார்கள்.

வயலினில் மரம்தான் நேரடியாகப் பாடுகிறது. அங்கேயே இந்தக் கதி. மரத்துக்கும் காதுக்கும் நடுவே பிக்கப், கேபிள், ஆம்ப், ஸ்பீக்கர் என்று ஊரே நிற்கும் பேஸ் கிட்டாரில் என்ன ஆகும்? டிரம்மரின் கிக் டிரம் அதே தாழ்ந்த அலைவரிசையில் வந்து உதைக்கும். ஒலிப்பதிவாளர் கம்ப்ரஸர் போட்டு அமுக்குவார். அப்புறம் ரசிகர் அதைக் கைபேசியில் கேட்பார். பேஸின் தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். கைபேசி ஸ்பீக்கரிலிருந்து அது வெளியே வரவே வராது. மேலே உள்ள கிளைச்சுரங்களைக் கேட்டு, கீழே இருப்பதை மூளை தானாகக் கற்பனை செய்துகொள்கிறது. நீங்கள் கடன் வாங்கி வாங்கிய ஸ்வரத்தை ரசிகர் இலவசமாகக் கற்பனை செய்துகொள்கிறார் ஐயா!

உண்மையிலேயே ஒலி மாற வேண்டும் என்றால் வழி இருக்கிறது. ரவுண்ட்வவுண்டைக் கழற்றிவிட்டு ஃபிளாட்வவுண்ட் போடுங்கள், வேறு கருவி மாதிரி இருக்கும். வலது கையைக் கம்பியின் அடி முனை நிற்கும் பிரிட்ஜ் பக்கம் நகர்த்துங்கள், ஒலி இறுகும். நெக் பக்கம் நகர்த்துங்கள், உருண்டு திரளும். பிக்கப் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்புங்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவள்கூடப் புதுக் கூடம் கட்டக் கடன் வாங்கவில்லை. நாம்தான் வாங்குகிறோம்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி ஒன்று கேட்டார், "மலிவுக் குப்பையை வாங்கச் சொல்கிறீர்களா?" இல்லை தம்பி. ட்யூன் நிற்காத, ஃபிரெட் ஓரம் கையைக் கிழிக்கிற கருவியைக் கற்றுக்கொள்ளும் பிள்ளையிடம் கொடுப்பது பாவம். ஐந்து கம்பி பேஸில் அடி பி கம்பி 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். கட்டுமானம் உறுதியாக இல்லாவிட்டால் அது கம்பியாக இருக்காது, துணி காயப்போடும் கொடியாக இருக்கும். அதற்குக் கொஞ்சம் செலவு ஆகும்தான். ஆனால் இன்று கணினி இயந்திரம் வெட்டுவதால், நடுத்தர விலையிலேயே அந்த வாசற்படியைத் தாண்டிவிடலாம். அதற்கு மேலே பணம் மாடிமாடியாக ஏறுகிறது, ஒலி தரைத்தளத்திலேயே நிற்கிறது. மறுவிற்பனை மதிப்பு உண்டு என்றார்கள். விற்பதற்காக வாங்குகிறவர் வேறு பட்டிமன்றத்தில் பேச வேண்டியவர்.

மூன்றாவது வாதம், ஆர்வம். இதற்கு என் கதையைத்தான் சொல்ல முடியும்.

நானும் ஒரு காலத்தில் எதிரணிதான். இரண்டு வருஷம் சேர்த்த பணத்தோடு கடனும் வாங்கி, அலை அலையாக ரேகை ஓடும் மேப்பிள் மேற்பரப்பும் உள்ளேயே பேட்டரி ப்ரீஆம்பும் வைத்த ஒரு பேஸ் வாங்கினேன். முதல் மாதம் எதிரணித் தலைவர் சொன்னது அப்படியே நடந்தது. ராத்திரி பகல் தெரியாமல் வாசித்தேன். இரண்டாவது மாதம் துடைத்தேன். மூன்றாவது மாதத்திலிருந்து பயந்தேன். ஒத்திகைக்கு எடுத்துப் போனால் யாராவது இடித்துவிடுவார்களோ, வண்டியில் வைத்தால் வெயில் படுமோ என்று அது பாட்டுக்குப் பெட்டிக்குள் தூங்கியது. ஒருநாள் துணிந்து மேடைக்குக் கொண்டுபோனேன். இரண்டாவது பாட்டில் சத்தம் கரகரத்து, மெலிந்து, நின்றே போனது. முந்தின ராத்திரி கேபிளைச் சொருகியபடி விட்டுவிட்டேன். அந்த மாதிரி கருவியில் கேபிள் சொருகியிருந்தாலே பேட்டரி தீரும். தப்பு முழுக்க என்னுடையது. பக்கத்தில் இருந்த நண்பர் ஒரு பழைய, ஒரு மூலை உடைந்த, பேட்டரியே இல்லாத பேஸைக் கையில் திணித்தார். மீதி நிகழ்ச்சியை அதில் வாசித்தேன். முடிந்ததும் ஒருவர் வந்து கையைப் பிடித்து, "ரெண்டாவது பாட்டுக்கு அப்புறம் பேஸ் அருமை சார்" என்றார்.

அந்த உடைந்த மூலை பேஸை நண்பரிடமிருந்தே வாங்கினேன். நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருப்பி, நெக்கின் மேல்முனையில் கம்பி உட்காரும் நட் பள்ளத்தைத் தேய்த்து, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியை இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு இறக்கி, எல்லா ஃபிரெட்டிலும் ஸ்வரம் சுத்தமாக விழும்படி இன்டொனேஷன் சரிபார்த்து, புதுக் கம்பி போட்டுக் கொடுத்தார் ஒரு ரிப்பேர்காரர். இன்றைக்கும் அதுதான் என் கருவி. கீழே விழுந்தால் எடுத்துக்கொண்டு வாசிக்கிறேன்.

நேரமணி அடித்துவிட்டது. நடுவர் அவர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் தீர்ப்புச் சொல்லும் முன் அந்தத் திரையை இறக்கச் சொல்லுங்கள். எதிரணித் தலைவரின் கருவியும் என் உடைந்த மூலையும் திரைக்குப் பின்னால் போகட்டும். ஒரே ஆம்ப், ஒரே பாட்டு, வாசிப்பது அவரே. என் விரலைச் சேர்த்தால் தகராறு வரும். நீங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு எது எது என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் புதுக் கம்பி நான் வாங்கிப் போடுகிறேன். ஐயா, பெட்டியைத் திறக்கலாமா?

நன்றி, வணக்கம்.