கோயில் வாசல்ல நிக்கிறவங்களுக்கு பயிற்சி: சனிக்கிழமை என்ன பண்ணப் போறோம்?

வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கீங்க? இன்னிக்கு பின்னாடி கடல் தெரியாது, மொட்டை மாடியிலதான் உக்காந்திருக்கேன். பீச் ரோடு வரைக்கும் போற பொறுமை இல்ல. மனசுல ஒண்ணு ஒரு வாரமா கொதிக்குது.

நான் புதுச்சேரியில எங்க பங்குக் கோயில்ல, பூசைக்கு வர்றவங்களை வாசல்ல வரவேத்து உக்கார வைக்கற வரவேற்புக் குழுவுல இருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். மழைக்கு குடை போட்டு வைக்க டிரம் வாங்கின வீடியோ பாத்திருப்பீங்களே, அதே கோயில்தான். போன ஞாயித்துக்கிழமை ஏழரை மணி பூசைக்கு ஒரு பாட்டி வந்தாங்க. கையில மஞ்சப்பை, முட்டியைப் பிடிச்சுக்கிட்டே நடக்கறாங்க. நேரா முன்னாடி போய் ரெண்டாவது பெஞ்சுல உக்காந்தாங்க. எங்க குழு ஆள் ஒருத்தர் போய், "இது வேற ஆளுக்கு வச்சிருக்கு, பின்னாடி போங்க"ன்னுட்டாரு. யாருக்கு தெரியுமா? அன்னிக்கு பூசையில தங்களுக்காக வேண்டிக்கச் சொல்லி பூசைக் கருத்து கொடுத்திருந்த ஒரு குடும்பத்துக்கு. அவங்க வந்து சேந்தப்ப பிரசங்கமே முடிஞ்சு போச்சு! பாட்டி "சரி கண்ணு"ன்னு எழுந்தாங்க. பின்னாடியும் உக்காரல, வெளிய படியில போய் உக்காந்துட்டாங்க. நான் பக்கவாசல்ல நின்னதால கொஞ்சம் லேட்டாதான் பாத்தேன். போய் கூப்பிட்டா, "இங்கயே காத்து வருது"ன்றாங்க.

பூசை முடிஞ்சதும் நேரா சாமிகிட்ட, அதான் எங்க பங்குச் சாமியார்கிட்ட போனேன். அவர் முழுசா கேட்டுட்டு, "ஒரு பயிற்சிக் கூட்டம் போடு, நீயே நடத்து"ன்னுட்டாரு. அதான் விஷயம். வர்ற சனிக்கிழமை சாயங்காலம் 4 மணி, 18 பேர், ஒன்றரை மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. நாள் முழுக்க உக்கார வச்சு பேசிக்கிட்டே இருக்கற கூட்டம் எனக்கு சுத்தமா பிடிக்காது.

முதல்ல பேட்ஜ் கதையை சொல்லிடறேன். போன வருஷம் வச்சிருந்த ஊசி பேட்ஜ் சேலையைக் கிழிக்குதுன்னு ஆறு பேர் சண்டை. காந்தம் வச்ச பேட்ஜ் கேட்டா ஒண்ணு 90 ரூபா, அதுவும் 50 எடுத்தாதான் செய்வாங்களாம். பதினெட்டு பேருக்கு எதுக்குங்க அம்பது? கழுத்துல மாட்டற கயிறு 35 ரூபா சொன்னாங்க, ஆனா அது கம்பெனி ஆள் மாதிரி இருக்கு, குனிஞ்சா பாட்டுப் புத்தகத்துல மாட்டுது. ரெண்டு நாள் அலைஞ்சேன். கடைசியில பெரிய மார்க்கெட் பக்கம் நீலக் காட்டன் துணி மீட்டர் 80 ரூபான்னு ரெண்டரை மீட்டர் எடுத்தேன். எங்க அன்பியத்துல, அதாவது பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவங்க சேந்து ஜெபிக்கற குழுவுல, தையல்கடை வச்சிருக்கற அக்கா கைப்பட்டையா தைச்சுத் தரேன்னுட்டாங்க, கூலி வேணாம்னுட்டாங்க. மொத்தம் 200 ரூபா! ஒண்ணு 11 ரூபா சொச்சம்தான் ஆகுது. தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியும், துவைச்சுக்கலாம், சேலையும் கிழியாது. எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

சரி, கூட்டத்துக்கு வரேன். இந்த வேலை இன்னிக்கு நேத்து வந்ததில்லைன்னு முதல்ல சொல்லப் போறேன். முன்னாடி சாமியாராகப் படிக்கறவங்க வாங்கற சின்னப் பட்டங்கள்ல முதல் பட்டமே வாயிற்காவலர் பட்டம்தான். கோயில் சாவியைக் கையில குடுப்பாங்க, கதவைத் திறந்து மணி அடிக்கணும். 1972ல திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தப் பட்டத்தை எடுத்துட்டாரு. ஆனா வேலை போகல. வாசல்ல மக்களை வரவேத்து இடத்துக்குக் கூட்டிட்டுப் போறவங்களைப் பத்தி திருப்பலிப் புத்தகத்தோட, அதான் பூசைப் புத்தகத்தோட, பொது விதிமுறையில 105ஆவது எண்ல இருக்கு. சும்மா கைகூப்பறதுக்கு இல்ல நாம.

அடுத்தது பைபிள்ல யாக்கோபு எழுதின திருமுகம், அதாவது கடிதம், ரெண்டாவது அதிகாரம். தங்க மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், அழுக்குத் துணிக்காரனுக்கு "அங்க நில்லு"ன்னு சொல்றீங்களேன்னு அவர் கேக்கறாரு. அப்படியே நம்ம ரெண்டாவது பெஞ்சு கதைதானே?

இதை நம்ம ஊர்க் கதையோட சேத்து சொல்லப் போறேன், ஏன்னா புதுச்சேரிக்காரங்களுக்கு இது தெரிஞ்சே ஆகணும். பிரெஞ்சுக்காரங்க காலத்துல இங்க இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன்னோட நாட்குறிப்புல 1745 அக்டோபர்ல ஒரு விஷயம் எழுதியிருக்காரு. அப்ப இருந்த சம்பா கோயில் உள்ள ஒரு சுவர் இருந்துச்சு. ஒரு பக்கம் ஒடுக்கப்பட்ட சாதி கிறிஸ்தவங்க, இன்னொரு பக்கம் மத்த எல்லாரும். நாங்களும் உங்க பிள்ளைங்கதானேன்னு அந்த மக்கள் சாமியார்கிட்ட போய் கேட்டு, அந்தச் சுவரை இடிக்க வச்சாங்க. இப்ப மிஷன் வீதியில நிக்கற கட்டடம் 1791ல முடிஞ்சது, அந்தச் சுவர் இருந்த கோயில் இது இல்ல. ஆனா ஒருத்தரை எழுப்பி பின்னாடி அனுப்பும்போது, அந்தச் சுவரைத்தான் நாம திரும்பக் கட்டறோம். இதை நான் மெதுவா சொல்ல மாட்டேன், அழுத்தித்தான் சொல்லுவேன்.

அதனால பெஞ்சுக்கு இடம் பிடிச்சு வைக்கறது இனிமே கிடையாது. முன்னாடி ரெண்டு வரிசை காது கேக்காதவங்களுக்கும் முட்டி வலிக்காரங்களுக்கும். சக்கர நாற்காலிக்கு பெஞ்சு ஓரத்துல இடம். சாமி சம்மதிச்சுட்டாரு.

புதுசா வர்றவங்ககிட்ட கேக்கக் கூடாத கேள்வியும் இருக்கு. "எந்தத் தெரு?" இதுதான் முதல்ல. நீங்க அன்பாதான் கேப்பீங்க, ஆனா அது சாதியைத் தெரிஞ்சுக்கற கேள்வின்னு வந்தவங்களுக்கு நல்லாவே தெரியும். அப்புறம் "கல்யாணம் ஆச்சா", "ஏன் இத்தனை வாரமா காணோம்". மூணும் வேணாம். "வாங்க, உக்காருங்க, தண்ணி அந்தப் பக்கம் இருக்கு". இது போதுங்க.

ஆ, இன்னொண்ணு விட்டுட்டேன், மேல சொல்லியிருக்கணும். ரயில்வே ஸ்டேஷன்கிட்ட இருக்கற இருதய ஆண்டவர் கோயிலுக்கு ரெண்டு ஞாயிறு போய் நின்னு பாத்தேன். 2011ல பேராலயமா ஆக்கினாங்களே, அதுதான். சுற்றுலாக்காரங்க வந்து, கண்ணாடி ஓவியத்துல இருக்கற 28 புனிதர்களைப் பாத்துக்கிட்டே நடுவழியில நிக்கறாங்க, போனைத் தூக்கறாங்க. அவங்களை விரட்டக் கூடாது. பக்கத்துல போய் மெதுவா, "பூசை நடக்குது, உக்காந்து பாருங்க, முடிஞ்சதும் படம் எடுங்க"ன்னா எல்லாரும் கேக்கறாங்க. நற்கருணை, அதான் பூசையில கத்தோலிக்கங்க வாங்கற அப்பம், அந்த வரிசையில தெரியாம வந்துட்ட மத்தவங்களுக்கும் இதேதான். கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. நெஞ்சுல கைகளைக் குறுக்கா வச்சுக்கிட்டா சாமி ஆசீர்வாதம் குடுப்பாருன்னு காதுல சொல்லுங்க. நம்ம மாதா கோயில்களுக்கு எல்லா மதத்துக்காரங்களும் வர்றாங்க, வில்லியனூர்ல போய் பாருங்க. அவங்க வெக்கப்படற மாதிரி ஆகக் கூடாது.

பேசறது இருபது நிமிஷம்தான். மீதி நேரம் எல்லாம் செஞ்சு பாக்கறது. வாசல்ல ஆறு பேர், பெஞ்சுகிட்ட ஆறு பேர், வரிசையில ஆறு பேர், அப்புறம் மாத்திக்கணும். ஒவ்வொருத்தரும் கடைசி பெஞ்சுல ரெண்டு நிமிஷம் உக்காந்து, மைக்ல என்ன கேக்குதுன்னு எழுதித் தரணும். நேத்து நானே உக்காந்து பாத்தேன். அந்த மூலை ஃபேன் சத்தத்துல நற்செய்தி வாசகம் பாதிதான் காதுல விழுது. பாட்டி ஏன் முன்னாடி போனாங்கன்னு அப்பதான் புரிஞ்சது. ஃபேனுக்கு ஆள் சொல்லியாச்சு.

பாட்டியை எழுப்பினவரும் வரேன்னு சொல்லியிருக்காரு. அவரைத் தனியா நிறுத்தி எதுவும் கேக்கப் போறதில்ல, பெஞ்சுகிட்ட நிக்கற குழுவுல முதல் ஆளா போட்டிருக்கேன். பாட்டி எந்த ஊருன்னு படிக்கட்டுல செருப்பு பாத்துக்கற அம்மாவுக்குத் தெரியும்னு நேத்துதான் கேள்விப்பட்டேன். வெள்ளிக்கிழமை நானும் அவரும் பாட்டியைப் போய்ப் பாக்கறோம்.

கைப்பட்டை தைச்சு முடிச்சுட்டாங்களாம், அக்கா ஆறு மணிக்குக் கடையைப் பூட்டிடுவாங்க. நான் கிளம்பறேன்.