டீ கொட்டிய லேப்டாப்: சரிசெய்வதா, உதிரிக்குக் கழற்றுவதா, கழித்துவிடுவதா?

அடுத்த கேள்வி திருநெல்வேலியிலிருந்து. ஒரு அம்மா விரிவாக எழுதியிருக்கிறார், சுருக்கிச் சொல்கிறேன். 2019இல் வாங்கிய லேப்டாப். கல்லூரியில் படிக்கும் மகனுடையது. கீபோர்டின் மேல் டீ கொட்டிவிட்டது. துடைத்து, அரிசி மூட்டைக்குள் வைத்து, மறுநாள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஓடியிருக்கிறது. இரண்டு நாளில் அணைந்துவிட்டது, அதற்குப் பிறகு உயிர் வரவில்லை. சர்வீஸ் சென்டரில் "மதர்போர்டு போய்விட்டது, 34,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் அப்படியே 3,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். "பையனுடைய ப்ராஜெக்ட் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

அம்மா, அந்த 3,000 ரூபாயை இப்போதைக்கு வாங்காதீர்கள். தம்பியின் ப்ராஜெக்ட் மட்டுமா உள்ளே இருக்கிறது? ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம், பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டு எல்லாமே இருக்கும். மதர்போர்டு செத்தாலும், ஃபைல்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி பெரும்பாலும் பிழைத்திருக்கும். அதை எடுத்த பிறகுதான் மற்ற பேச்சு.

பின்மூடியைக் கழற்றச் சொல்லி, எஸ்எஸ்டியை வெளியே எடுத்து, யுஎஸ்பி கேஸ் என்கிற வெளிப்பெட்டியில் போட்டு வேறு கணினியில் செருகினால் பார்த்துவிடலாம். கேஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சின்னப் பட்டை போல இருக்கும் எம்.2 எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கான கேஸ் மற்றதற்கு ஆகாமல் போகலாம். இரண்டையும் ஏற்கும் கேஸும் கிடைக்கிறது. செருகியதும் 48 இலக்க எண் கேட்டால் பயப்பட வேண்டாம், அது பிட்லாக்கர் என்கிற விண்டோஸின் தரவுப் பூட்டு. தம்பி எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த லேப்டாப்பைத் தொடங்கினாரோ, அந்தக் கணக்கில் பெரும்பாலும் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கும்.

மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் கிடையாது. 2018க்குப் பிறகு வந்த மேக்புக் ஏர், மேக்புக் ப்ரோ இரண்டிலும் சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, தரவும் அந்தப் போர்டின் சிப்போடு சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கிறது. அங்கே தரவு வேண்டுமென்றால் போர்டுக்கு உயிர் கொடுத்தே ஆக வேண்டும்.

ஓடிய லேப்டாப் ஏன் இரண்டு நாள் கழித்து நின்றது என்றும் கேட்டிருக்கிறார். அரிசியால் ஒரு பயனும் இல்லை. சிப்புக்கு அடியில் போன டீயை அரிசி எட்டிப் பிடிக்காது. தண்ணீர் காய்ந்தாலும் சர்க்கரையும் பாலும் பிசுக்காக அங்கேயே தங்கிவிடும். அந்த ஈரப் பிசுக்கின் வழியே மின்சாரம் ஓடும்போது செம்பு அரிக்கத் தொடங்குகிறது. ஆன் செய்யாமல் இருந்தாலும் பேட்டரி இணைந்திருக்கும்வரை போர்டில் சில இடங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். எனவே இதைப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: கொட்டிய உடனே அடாப்டரைப் பிடுங்குங்கள், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், யாரையாவது விட்டுப் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள்.

சரி, 34,000 ரூபாய்க்கு வருவோம். "மதர்போர்டு போய்விட்டது" என்பதை நோய்க்குப் பெயர் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்வீஸ் சென்டர்களில் பொதுவாகப் போர்டைப் பழுது பார்ப்பதில்லை, முழுப் போர்டையும் மாற்றுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுடைய முறை அது. ஆனால் அந்தப் போர்டில் செத்திருப்பது கடுகளவு கெபாசிட்டர் ஒன்றாகக்கூட இருக்கலாம்.

சிப் லெவல் வேலை, அதாவது போர்டில் பழுதான உதிரியை மட்டும் மாற்றும் வேலை செய்கிறவர் என்ன செய்வார் தெரியுமா? அடாப்டரிலிருந்து வரும் 19 வோல்ட் பாதை தரையோடு ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்ப்பார். ஆகியிருந்தால், அந்தப் பாதையில் ஒரு வோல்ட் அளவுக்கு மெதுவாக மின்சாரம் கொடுத்து, மேலே சட்டென ஆவியாகும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தடவுவார். எந்த இடத்தில் அது முதலில் ஆவியாகிறதோ, அங்கே சூடேறும் உதிரிதான் குற்றவாளி. நல்ல கடைகளில் சூட்டைக் காட்டும் தெர்மல் கேமரா இருக்கும். அந்த உதிரியை மாற்றி, போர்டை முழுவதுமாகக் கழுவிக் கொடுத்தால் பல லேப்டாப்கள் எழுந்துவிடும். சென்னையில் ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் இந்த வேலையே தொழிலாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் விசாரித்தால் கிடைப்பார்கள். கொடுக்கும் முன் இரண்டு விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: எழவில்லை என்றால் எவ்வளவு கட்டணம்? பழுது லேப்டாப்பின் மூளையான சிபியு பக்கம் என்றால் கைவைக்கும் முன் சொல்வாரா?

இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். 19 வோல்ட்டை ஒரு வோல்ட் அளவுக்குக் குறைத்து சிபியுவுக்குக் கொடுக்கும் மாஸ்ஃபெட்டுகள் என்கிற குட்டி மின் ஸ்விட்சுகள் இருக்கின்றன. அவற்றில் மேல்பக்கத்து மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் 19 வோல்ட் நேராக சிபியுவுக்குள் போய்விடும். பிறகு அந்தப் போர்டின் மேல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். சிபியுவைச் சூடாக்கி எடுத்து வேறு பற்றவைத்துத் தருகிறேன் என்பார்கள். சிலர் அதை நன்றாகவே செய்கிறார்கள், ஆனால் டீ குடித்த போர்டில் அந்த வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எவ்வளவுவரை செலவழிக்கலாம்? வாங்கும்போது கொடுத்த விலையை மறந்துவிடுங்கள். அதே மாடல், அதே வயது, நல்ல நிலையில் இன்று செகண்ட் ஹேண்டில் என்ன விலை என்று பாருங்கள். பழுதுச் செலவு அதில் பாதிக்குள் வந்தால் செய்யலாம், தாண்டினால் வேண்டாம். இது என் கணக்கு. சட்டம் ஒன்றும் இல்லை. இந்தக் கணக்கில் 34,000 ரூபாய் பேச்சுக்கே இடமில்லை. இன்னொன்றும் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சிபியு இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்கும், அப்படியென்றால் செலவழிப்பதில் பொருள் உண்டு. ஏழாம் தலைமுறையோ அதற்குக் கீழேயோ என்றால் நான் கையைக் கட்டிக்கொள்வேன். 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த விலையில்லா லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. போர்டு செத்திருந்தால் அவற்றுக்குப் பணம் போடாதீர்கள். ஓடுகிறது என்றால் ஒரு சின்ன எஸ்எஸ்டியும், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸும் போட்டால் பிள்ளைகள் தட்டச்சு பழகலாம்.

சிபியு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 3,000 ரூபாய்க்கு முழுதாகக் கொடுக்க அவசரப்படாதீர்கள். திரை நன்றாக இருந்தால் அதுதான் விலையுள்ள உதிரி. எஸ்எஸ்டி உங்களுக்கே உதவும். ரேம் தனியாகக் கழற்றும் வகை என்றால் அதற்கும் ஆள் இருக்கிறார்கள். கீபோர்டை விட்டுவிடுங்கள், டீயை முதலில் குடித்தது அதுதான்.

பேட்டரி மட்டும் வேறு கதை. உள்ளே ஈரம் போயிருந்தாலோ உப்பியிருந்தாலோ விற்கவும் வேண்டாம், சார்ஜ் ஏற்றவும் வேண்டாம், குத்திப் பார்க்கவும் வேண்டாம். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் தண்ணீர் ஒரு குவளை ஊற்றி அணைக்கிற தீ இல்லை. குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது.

மிச்சத்தைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டால் என்ன ஆகும்? செம்புக்காக வயரை எரிப்பார்கள், தங்கத்துக்காகப் போர்டை அமிலத்தில் போடுவார்கள். அந்தப் புகையையும் அமிலத்தையும் தாங்குவது அங்கே வேலை செய்கிற மனிதர்கள்தான். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, கழிந்த பொருள் முறையான மறுசுழற்சிக்குப் போவதற்குத் தயாரிப்பு நிறுவனம் பொறுப்பு. நிறுவனத்தின் இணையதளத்தில் சேகரிப்பு மையத்தைத் தேடுங்கள், அல்லது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். எஸ்எஸ்டியை மட்டும் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மட் செய்தால் அழிந்துவிட்டது என்று நம்ப வேண்டாம்.

இந்த அம்மாவுக்கு நான் சொல்வது: எஸ்எஸ்டியை எடுத்துவிட்டு, போர்டைச் சிப் லெவல் கடையில் ஒருமுறை காட்டுங்கள். எழுந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் ப்ராஜெக்ட்டின் பிரதி எப்போதும் வேறோர் இடத்திலும் இருக்கட்டும், அரிப்பு சில மாதம் கழித்தும் தலைகாட்டும். கடைக்குப் போகும்போது அந்த லேப்டாப்புடன் வந்த அடாப்டரையே எடுத்துச் செல்லுங்கள். சில பிராண்டுகளில் அடாப்டரின் நடு முனை வழியாக லேப்டாப் அதை அடையாளம் பார்க்கிறது. வேறு அடாப்டரில் சோதித்துவிட்டு "சார்ஜ் ஏறவில்லை, அந்த ஐசியும் (சிப்பும்) போய்விட்டது" என்று பில்லில் ஒரு வரி கூடிவிடக்கூடாது. அடுத்த கேள்வி, ஈரோட்டிலிருந்து.