உலக வாலிபாலுக்கு இரண்டு வாசல்

நேயர்களுக்கு வணக்கம். அயனாவரம் பக்கம் ஒரு மைதானத்தில் இருபது வருஷத்துக்கும் மேலாகப் பசங்களுக்கு வாலிபால் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சாயங்காலம் நெட்டை இழுத்துக் கட்டும்போது யாராவது ஒரு பெரியவர் சுவரோரம் வந்து நின்று கேட்பார்: "ஏன் மாஸ்டர், ஏஷியன் கேம்ஸ்ல கொரியாவையே அடிச்சோமே, அப்புறம் ஏன் உலகப் போட்டியில நாம இல்ல?"

நியாயமான கேள்வி. 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோவில் தென்கொரியாவை 3-2 என்று ஜெயித்தோம். கடைசி செட் 17-15. நானும் வீட்டில் எழுந்து நின்றுதான் பார்த்தேன். ஆனால் அந்த வாசல் வேறு, இந்த வாசல் வேறு. ஏஷியன் கேம்ஸில் தங்கமே வாங்கினாலும் அதை வைத்து உலக சாம்பியன்ஷிப்பில் இடம் கிடையாது. அதற்கு ஆசிய சாம்பியன்ஷிப் என்று தனிப் போட்டி. அது ஒரு மாதம் முன்பே ஈரானில், உர்மியா நகரில் நடந்து முடிந்துவிட்டது. ஜப்பான், ஈரான், கத்தார் முதல் மூன்று இடம். அந்த மூன்றில் நாம் இல்லை.

2025-ல் பிலிப்பைன்ஸில் நடந்த ஆண்கள் உலக சாம்பியன்ஷிப்பில் 32 அணிகள். நடத்தும் நாடு ஒன்று, நடப்பு சாம்பியன் இத்தாலி ஒன்று. ஐந்து கண்டக் கூட்டமைப்புகளிலிருந்து மும்மூன்று, ஆக பதினைந்து. இந்தக் கண்டப் போட்டிதான் முதல் வாசல். இத்தாலி ஐரோப்பாவிலும் முதல் மூன்றுக்குள் வந்திருந்தது. ஏற்கெனவே இடம் பிடித்த அணி என்பதால் அந்த இடம் நான்காவதாக வந்த பிரான்ஸுக்குப் போனது. மீதிப் பதினைந்து? அதுதான் இரண்டாவது வாசல், உலகத் தரவரிசை.

இந்தத் தரவரிசையைப் பற்றித்தான் நான் யாரைப் பார்த்தாலும் பேசுவேன். 2020 முதல் ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் கணக்கு மாறுகிறது. ஜெயித்தவருக்கு ஏறுவது தோற்றவரிடமிருந்து இறங்குகிறது. பலமான அணியை வீழ்த்தினால் நிறைய, பலவீனமான அணியை வீழ்த்தினால் சொற்பம். அதோடு எத்தனை செட்டில் முடிந்தது என்பதும் சேரும். 3-0 வேறு, 3-1 வேறு, 3-2 வேறு. நன்றாகக் கேளுங்கள், தோற்றாலும் எத்தனை செட்டில் தோற்றோம் என்பது எண்ணப்படும்.

ஒரு செட்டுக்கு என்ன பெரிய விலை என்று தோன்றும். என் பசங்களுக்கும் தோன்றியது. ஒரு கோடை டோர்னமென்ட், லீக் சுற்றில் நாலு டீம், மூன்றில் இரண்டு செட் எடுத்தால் மேட்ச். எங்கள் பிரிவில் ஒரு டீம் ரொம்பப் புதுசு, எல்லோரிடமும் தோற்றது. அவர்களோடு முதல் செட்டை 25-11 என்று முடித்தோம். இரண்டாவது செட்டில் 21-17. இனி என்ன என்று எங்கள் பையன் ஒருவன் சும்மா சர்வீஸ் போட்டான், நெட். அடுத்தவன் பாஸை ஒற்றைக் கையில் தட்டினான், வெளியே. பத்து நிமிஷத்தில் அந்த செட் போனது. மூன்றாவதை எடுத்தோம், மேட்ச் எங்களுக்குத்தான். சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தார்கள்.

கடைசியில் மூன்று டீம் தலா இரண்டு வெற்றி. எங்களுக்குள் நடந்த மேட்ச் எல்லாம் 2-1. மற்ற இரண்டு டீமும் அந்தப் புது டீமை 2-0 என்று ஜெயித்திருந்தன, நாங்கள் மட்டும் 2-1. அந்த ஒரு செட்டில் வெளியே வந்தோம். எங்கள் செட்டர் சிமென்ட் படியில் உட்கார்ந்து, விரலில் சுற்றிய பிளாஸ்திரியைப் பிரித்துக்கொண்டே, "மாஸ்டர், நாம அவங்கள ஜெயிச்சோமே மாஸ்டர்" என்றான். நான் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து 21-17 என்று ஸ்கோர் வந்தால் அவனே மற்றவர்களை அதட்டுவான்.

நாட்டு அணிக்கும் இதே கணக்குதான். பல்கேரியாவைப் பாருங்கள். முதல் வாசல் அதற்குத் திறக்கவில்லை, தரவரிசை வழியாக பிலிப்பைன்ஸ் போனது. போன இடத்தில் இறுதிப் போட்டி வரை வந்து இத்தாலியிடம் 1-3 என்று தோற்றது. இரண்டாவது வாசலை யாரும் லேசாக நினைக்க வேண்டாம்.

நமக்கு எங்கே முட்டுகிறது? தரவரிசைக் கணக்கில் போட்டிக்குப் போட்டி எடை வேறு. ஒலிம்பிக்ஸுக்கு 50, உலக சாம்பியன்ஷிப்புக்கு 45, நேஷன்ஸ் லீக்குக்கு 40. எடை கூடின மேட்செல்லாம் மேலே இருப்பவர்களுக்குள் நடக்கிறது. கீழே இருக்கிற நாம் எடை குறைந்த மேட்சுகளை நிறைய ஆடி, நிறைய ஜெயித்துத்தான் ஏற வேண்டும். 2019-ல் நேரு உள்விளையாட்டரங்கில் சென்னை அணி கோழிக்கோட்டை வென்று புரோ லீக் பட்டம் வாங்கியபோது கூட்டம் கூரையைப் பிய்த்தது. அதில் இந்தியாவுக்கு ஒரு தரவரிசைப் புள்ளியும் சேராது. லீக் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும். அதே அக்கறையோடு நாட்டு அணியை வருஷம் முழுக்க வெளியே ஆட அனுப்ப வேண்டும் என்கிறேன். 1952-ல் மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் எட்டாவது, 1962 ஜகார்த்தா ஏஷியன் கேம்ஸில் வெள்ளி, 1986 சியோலில் வெண்கலம் வாங்கிய நாடு இது.

ஒலிம்பிக்ஸ் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே மொத்தமே 12 அணிகள். பாரிஸுக்கு நடத்தும் நாடு போக ஆறு தகுதிச் சுற்றில், ஐந்து தரவரிசையில். லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கண்ட சாம்பியன்கள் ஐந்து பேருக்கு நேரடி இடம். ஆசியாவில் முதல் இடம் என்றால் ஜப்பானையும் ஈரானையும் தாண்ட வேண்டும். ஆனால் 2027-ல் போலந்தில் நடக்கும் உலக சாம்பியன்ஷிப்புக்கு மறுபடி 32 இடம், மறுபடி அதே இரண்டு வாசல். வணக்கம்.