இஷிகுரோ எழுதிய ஜப்பான் போலியா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். போன காணொளியில், ஜப்பானில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதும், நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோவைப் பற்றிப் பேசியிருந்தேன். அதைப் பார்த்த நேயர் ஒருவர் கேட்கிறார்: "ஐந்து வயதில் ஜப்பானை விட்டு வந்தவர், முதல் இரண்டு நாவல்களுக்கும் ஜப்பானையே களமாக எடுத்துக்கொண்டார் என்கிறீர்கள். சரியாகத் தெரியாத ஊரைப் பற்றி எழுதுவது வாசகனை ஏமாற்றுவது ஆகாதா?"

ஆகாது என்றுதான் சொல்வேன். அதைப் புரிந்துகொள்ள அந்தக் குடும்பம் இங்கிலாந்துக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

இஷிகுரோ பிறந்தது 1954-ல், நாகசாகியில். அங்கே அணுகுண்டு விழுந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது, அம்மா அதில் உயிர் தப்பியவர். அப்பா கடலியல் விஞ்ஞானி. அவருடைய ஆராய்ச்சி வேலைக்காக 1960-ல் எல்லோரும் லண்டனிலிருந்து முப்பது மைல் தள்ளியிருக்கும் கில்ட்ஃபோர்டுக்கு வந்தார்கள். ஆனால் குடியேறும் எண்ணத்தில் யாரும் வரவில்லை. அடுத்த வருடம் திரும்பிவிடுவோம், இல்லையென்றால் அதற்கடுத்த வருடம் என்றே நாட்கள் போயின. வெளியே பையன் ஆங்கிலேயப் பள்ளிக்குப் போகிறான், தேவாலயத்தில் பாடுகிறான். வீட்டுக்குள் வந்தால் ஜப்பானிய மொழி, ஜப்பானியப் பழக்கவழக்கம். மாதாமாதம் தாத்தா பாட்டியிடமிருந்து பார்சல் வரும், அதில் போன மாதத்துக் காமிக்ஸ், பத்திரிகைகள் எல்லாம் இருக்கும். நாளைக்கு அங்கே போய்ப் படிக்க வேண்டிய பிள்ளை அல்லவா, பின்தங்கிவிடக் கூடாதே!

அவர் வளர்ந்து பதின்பருவம் வந்த பிறகு அந்தப் பார்சல்கள் நின்றுபோயின. ஊருக்குத் திரும்புவதும் நடக்கவே இல்லை. ஆனால் இத்தனை வருடமாக அந்தப் பையன் மனதுக்குள் ஒரு ஜப்பானைக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். நாகசாகி வீட்டின் அறைகள், தெருக்கள், பெற்றோர் சொன்ன கதைகள், பார்சலில் வந்த படங்கள் எல்லாம் சேர்ந்து உருவான ஊர் அது. எந்த விமானம் ஏறினாலும் அங்கே போய்ச் சேர முடியாது.

அவருக்கு முதலில் இருந்த கனவு பாட்டு எழுதிப் பாடுவதுதான். கிட்டாரும் கையுமாகத் திரிந்தார், கென்ட் பல்கலைக்கழகத்தில் படித்தார், லண்டனில் வீடற்றவர்களுக்கான அமைப்பில் வேலை பார்த்தார். 1979-ல் ஈஸ்ட் ஆங்க்லியா பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது நார்ஃபோக்கின் பக்ஸ்டன் என்ற கிராமத்தில் ஒரு மாடியறையில் தங்கினார். சரிந்த கூரை, டைப்ரைட்டரும் விளக்கும் வைத்தாலே நிறைந்துவிடும் மேஜை, கட்டிலுக்குப் பதிலாக ஒரு பெரிய ஃபோம் துண்டு. வெளியே நடுக்கும் குளிர், ஆனால் அந்த ஃபோமில் படுத்தால் வியர்க்குமாம். அந்த அறையில் ஒருநாள் இரவு, திட்டம் எதுவும் இல்லாமல், போரின் கடைசி நாட்களில் இருந்த நாகசாகியைப் பற்றி எழுத ஆரம்பித்தார். வயது ஏற ஏற மனதிலிருக்கும் அந்த ஊர் மங்கிக்கொண்டே போகிறது, அது மொத்தமாக அழிவதற்குள் காகிதத்தில் பத்திரப்படுத்திவிட வேண்டும் என்ற அவசரம்தான் தன்னை எழுத வைத்தது என்று 2017-ல் நோபல் உரையில் அவரே சொன்னார். எனக்கு அந்த உரையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? ஜப்பானுக்கு அவர் திரும்பப் போனது 1989-ல், அதாவது 1982-லும் 1986-லும் அந்த இரண்டு நாவல்கள் வெளிவந்த பிறகு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்குப் புக்கர் பரிசு வாங்கிக் கொடுத்த 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே' நாவலில் வரும் இங்கிலாந்து மட்டும் கண்ணால் பார்த்து எழுதியதா என்ன? அந்தப் பெரிய மாளிகை, எஜமானனே உலகம் என்று இருக்கும் பட்லர், அதாவது வீட்டின் தலைமைப் பணியாளர், ஸ்டீவன்ஸ், இதெல்லாம் அவர் பிறப்பதற்கு முந்தைய காலம். புத்தகங்களைத் தேடிப் படித்துக் குறிப்பெடுத்துவிட்டு, முதல் வரைவின் பெரும்பகுதியை நான்கே வாரத்தில், ஞாயிறு தவிர தினமும் காலை ஒன்பது மணியிலிருந்து இரவு பத்தரை வரை உட்கார்ந்து எழுதினார். அந்த இங்கிலாந்தை யாரும் போலி என்று சொல்லவில்லை. ஜப்பானை எழுதும்போது மட்டும் ஏன் அவரிடம் சாட்சிச் சான்றிதழ் கேட்கிறோம்?

கேட்ட நேயர் ஒன்று செய்யுங்கள். அந்த ஜப்பான் நாவல்களில் இரண்டாவதான 'ஆன் ஆர்ட்டிஸ்ட் ஆஃப் தி ஃப்ளோட்டிங் வேர்ல்ட்' நாவலை முதலில் படித்துவிட்டு, கையோடு 'ரிமெய்ன்ஸ்' நாவலை எடுங்கள். முதலாவதில் ராணுவ வெறிக்குத் துணைபோன ஓவியர், இரண்டாவதில் நாஜிகளுக்கு இணங்கிப்போன பிரபுவுக்கு விசுவாசமாக உழைத்த பட்லர். இரண்டு கிழவர்களும் பழையதைச் சொல்லிக்கொண்டே வந்து, வலிக்கிற இடம் வந்ததும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். அந்த இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வாருங்கள், பிறகு நாம் பேசலாம்.