காது திறந்திருக்கும் காலம்

அவைத் தலைவர் அவர்களே, குன்னூரிலிருந்து மூடுபனியில் வண்டி ஓட்டிவந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இருமுறை அணைந்த ஒலிபெருக்கியை முகம் சுளிக்காமல் சரிசெய்து தந்த நூலகர் அவர்களே, கம்பளியோடு வந்திருக்கும் கோத்தகிரித் தாய்மார்களே, வணக்கம்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்பது நான் எந்த மேடையிலும் விடாத பழமொழி. குழந்தை மொழி கற்பது பற்றிய மூன்று கொள்கைகளை விளக்குவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். கேட்டதைப் பின்பற்றி, பாராட்டுப் பெற்று, பழக்கத்தால் மொழி படிகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1957இல் எழுதினார். 1959இல் மொழியியலாளர் சாம்ஸ்கி அதைக் கடுமையாக மறுத்தார். இலக்கணம் அமைக்கும் ஆற்றல் பிறவியிலேயே உண்டு என்பது அவர் கட்சி. உறவாடிப் பழகுவதிலேயே மொழி விளைகிறது என்பது மூன்றாவது கொள்கை; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சென்ற மார்கழியில் எங்கள் வீட்டில் ஐந்து கோழிக்குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் விட்டு, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டிருந்தோம். இரவு மின்சாரம் போயிற்று. விடிந்ததும் மூன்று வயதுப் பேத்தி எட்டிப்பார்த்துவிட்டு ஓடிவந்து, “தாத்தா, குஞ்சு சாவுச்சு” என்றாள். “செத்துப்போச்சுன்னு சொல்லணும் கண்ணு” என்று அவள் பாட்டி திருத்தினாள். குழந்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆமா பாட்டி, சாவுச்சு” என்றாள். மூன்று முறை திருத்தியும் பயனில்லை. நான்காம் முறை, பாட்டிக்குக் காது கேட்கவில்லை என்று எண்ணி உரக்கக் கத்தினாள். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ‘ஓடுச்சு’, ‘ஆடுச்சு’ என்பவற்றிலிருந்து அவளே விதி கண்டு வார்த்திருக்கிறாள். ஸ்கின்னர் அன்று எங்கள் திண்ணையில் இருந்திருக்க வேண்டும்.

இந்தி மொழியின் இரு தகர, டகர ஒலிகளை, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதங்களில் பிரித்தறிகிறார்கள், ஓராண்டு நிறைவதற்குள் அத்திறன் வெகுவாகக் குன்றுகிறது என்று வெர்க்கர், டீஸ் என்னும் உளவியல் ஆய்வாளர்கள் 1984இல் காட்டினார்கள். ஆகவே ஐந்தில் வளைவது கிளை. காது அதற்கு முன்பே வளைந்துவிடுகிறது.

எனவேதான் அங்கன்வாடி பற்றிப் பேசுகிறேன். நான் பார்த்த ஓரிடத்தில், காலை முழுவதும் வாய் திறக்காத இருளர் பழங்குடிக் குழந்தை, தாய் வந்து கைப்பிடித்ததும் தேயிலைத் தோட்ட வழிநெடுகப் பேசிக்கொண்டே போயிற்று. பிறகு சொல்கிறேன் என்ற மூன்றாவது கொள்கை இதுதான்: உறவாடும் இடத்தில்தான் மொழி விளைகிறது. இருளர், குறும்பர் ஊர்களில் அவர்கள் மொழியிலேயே கதை சொல்ல, அவ்வூர்ப் பெண் ஒருவரை ஊதியத்தோடு அமர்த்த வேண்டும். ஐந்தில் வளைய வேண்டியவர்கள் அதிகாரிகளும்தான்! இதைக் கேட்கும் மனு வாசல் மேசைமேல் இருக்கிறது. பேனாவை நூலால் கட்டிவைத்திருக்கிறேன்.